ஒத்த ரூபாய் கனம்: கிணற்றில் முங்கிய மாதிரி நீர்மூழ்கி, ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் கடையில் நீர்மூழ்கி என்றால் போர்வெல் மோட்டார்தான். பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருடமாகக் காயில் கட்டுகிறேன். முந்நூறு அடி ஆழத்தில் ஆறேழு வருடம் கிடந்துவிட்டு மேலே வரும் மோட்டாரைக் கழற்றினால் உள்ளே தண்ணீர் நிற்கும். நிற்கத்தான் வேண்டும், தண்ணீர் நிரப்பி ஓட்டுகிற வகை அது. அதனால், ரேடியோவில் ஓடும் மாதிரி நீர்மூழ்கி ஒன்றைக் கிட் வாங்கிச் செய்வோம் என்று அக்கா மகன் வந்து நின்றபோது, தண்ணீருக்குள் மோட்டார் ஓட்டுவதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற நினைப்பு இருந்தது. அந்த நினைப்புக்கும் இந்த நிகழ்வில் பங்கு உண்டு. ஆகவே அதையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். பொங்கல் முடிந்து கரிநாள் அன்று காலை, விஜயநாராயணம் பக்கம் அக்கா ஊரில், குளத்தங்கரைக் கிணற்றில் படகை விட்டோம். முங்கியது. மேலே வரவில்லை. மூன்றாம் நாள் வெளியே எடுத்தோம். ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்க அதன்பிறகு மூன்று வாரம் ஆனது.

படகு

மருமகனுக்கு ஆசை ஐ.என்.எஸ். குர்சுரா என்ற நீர்மூழ்கி மேல். கல்லூரிச் சுற்றுலாவில் விசாகப்பட்டினம் போனபோது கடற்கரையில் அதைப் பார்த்திருக்கிறான். 1969-இல் நம் கடற்படையில் சேர்ந்து, 2001-இல் ஓய்வுபெற்று, 2002-இலிருந்து அருங்காட்சியகமாக நிற்கும் 91 மீட்டர்க் கப்பல். அதன் கிட் எங்கள் கைக்கு எட்டவில்லை. கிடைத்தது இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானிய VII-சி வகை நீர்மூழ்கியின் 1/72 அளவு பிளாஸ்டிக் கிட். அசல் கப்பல் 67 மீட்டர், மாதிரி 93 சென்டிமீட்டர்.

அது கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கான கிட். ஓட்ட வேண்டுமென்றால் பாதி வேலையை நாமே செய்ய வேண்டும். பக்கவாட்டில் வரிசை வரிசையாக இருக்கும் நீர்த்துளைகள் கிட்டில் வெறும் பள்ளங்களாகவே இருக்கும். ஒவ்வொன்றையும் சின்ன டிரில் பிட்டால் துளைத்து, பிளேடால் கீறி, ஊசி அரத்தால் சீவித் திறக்க வேண்டும். கார்த்திகை முழுக்க ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எங்கள் கடையில் நடந்தது அந்தச் சீவல்தான். பிளாஸ்டிக் தூள் காயில் கம்பியில் படியக் கூடாது என்று ஈரத் துணி விரித்துச் செய்தோம்.

துளை எதற்கு? வெளிக்கூடு முழுக்கத் தண்ணீர் நிரம்பிவிடும். உள்ளே இருக்கும் இரண்டரை அங்குல அக்ரிலிக் குழாய் மட்டும்தான் காய்ந்திருக்கும். குழாயின் இரு முனையிலும் ஓ-ரிங் போட்ட மூடி. முன்னறையில் பேட்டரி, நடுவில் படகு முங்கவும் எழவும் தண்ணீர் ஏற்றி இறக்கும் பேலஸ்ட் டேங்க், பின்னறையில் மோட்டார், சுக்கானைத் திருப்பும் சர்வோ, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர். ஒரே மோட்டார், பல்சக்கரம் வழியாக இரண்டு புரொப்பெல்லரையும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். பேலஸ்ட் டேங்க் ஆஸ்பத்திரி ஊசி மாதிரிதான். சின்ன மோட்டார் ஒன்று பிஸ்டனை இழுத்தால் 180 மில்லி தண்ணீர் உள்ளே வரும், தள்ளினால் வெளியே போகும்.

ஏன் 180? அசல் கப்பல் மேலே மிதக்கையில் 769 டன் நீரையும், முங்கியபின் 871 டன் நீரையும் விலக்கும். 72-ஐ மூன்று முறை பெருக்கி அதால் வகுத்தால் மாதிரிக்கு ஏறத்தாழ 2,060 கிராம், 2,330 கிராம் என்று வரும். வித்தியாசம் 270 கிராம் ஆகிறதே என்று கேட்கலாம். மாதிரியின் கூட்டுக்குள் தண்ணீர் தாராளமாகப் போய்வருவதால், நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் பிளாஸ்டிக்கும் குழாயின் மேல்பகுதியும் எவ்வளவு நீரை விலக்குமோ அவ்வளவுக்கு டேங்க் இருந்தால் போதும். எங்கள் படகு தரையில் 2,050 கிராம், டேங்க் நிரம்பினால் 2,230. இந்த எண்ணைப் பிறகு தேடுவோம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படகின் அடித்தண்டான கீலில் டயர் பேலன்ஸ் செய்யும் கடையிலிருந்து வாங்கிய ஈயம், மேல்தளத்துக்கு அடியில் தெர்மோகோல். தலையாட்டிப் பொம்மையின் கணக்கு இது, கனம் கீழே, மிதப்பு மேலே. அதில் கோளாறு எதுவும் இல்லை. தெர்மோகோல்தான் தவறான சரக்கு. அது பிறகு.

ரேடியோ

இன்று கடைகளில் கிடைக்கும் ரிமோட் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ். தண்ணீர் அந்த அலையைக் குடித்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் ஏறத்தாழ இதே அலைவரிசையில்தான். மருமகனின் பழைய பொம்மைக் கார் ரிசீவரை பாலித்தீன் பையில் கட்டி பிளாஸ்டிக் வாளிக்குள் இறக்கிப் பார்த்தோம். ஒரு சாண் இறங்குமுன் செத்துப்போனது. ஆகவே பழைய 27 மெகாஹெர்ட்ஸ் செட் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த திறனில், உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம்.

பழைய செட்டில் ஒரு குறை. சிக்னல் போனால் என்ன செய்வது என்று ரிசீவருக்குத் தெரியாது. அதற்காக ஃபெயில்சேஃப் என்று தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு பெட்டியை இடையில் சொருக வேண்டும். இரண்டு விநாடி சிக்னல் வராவிட்டால் அது தானே பிஸ்டனைத் தள்ளிவிடும், படகு மேலே வந்துவிடும். பூட்டினோம். கடைவாசலில் வைத்து ரிமோட்டை அணைத்தால் பிஸ்டன் ஒழுங்காகத் தள்ளியது.

சிமென்ட் தொட்டி

மார்கழிக் கடைசியில் அக்கா வீட்டுக்குப் போனோம். தோட்டத்தில் போர் தண்ணீர் விழும் சிமென்ட் தொட்டி, நாலடி ஆழம். அந்தப் பக்கத்துப் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. அத்தான் தென்னைக்கு மட்டும் விடுவார். பம்பில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும் உப்பைச் சுரண்டித்தான் நட்டையே கழற்ற வேண்டும். அந்த பம்பை இரண்டு முறை கழற்றியவன் நானேதான்.

மேலே ஓடும்போது படகு ராஜா மாதிரி ஓடியது. ஒன்றரை அடி இறங்கியதும் வாலை வெட்டி வெட்டி ஆட்டியது. உடனே ஃபெயில்சேஃப் பிஸ்டனைத் தள்ள, மேலே வந்து நின்றது. திரும்ப இறக்கினோம், திரும்பவும் அதே கதை.

“மாமா, ஆண்டெனா சரியில்லன்னு நெனைக்கேன்.”

“ஏல, அத மடக்கி வைக்காதன்னு அன்னைக்கே சொன்னம்லா?”

அவன் ஆண்டெனாவைப் பிரித்து, குழாயின் மேல்பக்கம் நீளவாக்கில் ஒட்டினான். இரண்டு அங்குலம் தேறியது. மோட்டார் பிரஷ்ஷில் பொறி அடித்து சிக்னலைக் கெடுக்கிறதோ என்று மூன்று கெப்பாசிட்டர் வைத்தேன். பயனில்லை. இதற்குள் ஒரு நாள் போய்விட்டது. எடை சரிபார்க்கும் வேலை, அதாவது ட்ரிம், பாக்கி. டேங்க் நிரம்பிய நிலையில் படகு முங்கியும் முங்காமலும் நிற்க வேண்டும், அதைப் பார்க்க விடாமல் இந்த ஃபெயில்சேஃப் நிமிடத்துக்கு ஒருமுறை டேங்கைக் காலி செய்துகொண்டிருந்தது. நான் பின்மூடியைத் திறந்து, பெட்டியை உருவி, வயரை நேரடியாகச் சொருகினேன்.

“ட்ரிம் பாத்துட்டு மாட்டிக்கிடுவோம்” என்றேன். சொன்னவன் நான். அது சட்டைப் பையிலேயே இருந்தது.

ட்ரிம் அழகாக வந்தது. டேங்க் நிறைந்ததும் பெரிஸ்கோப் நுனி மட்டும் வெளியே. மேல்தளத்தில் 2 கிராம் ஈயத் துண்டு வைத்தால் தாங்கியது. 2011 வரிசை ஒரு ரூபாய்க் காசு, 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு, அதை வைத்தால் மெதுவாக இறங்கியது. காசை எடுத்தால் ஏறியது. அதாவது படகின் உபரி மிதப்பு இரண்டு கிராமுக்கும் நாலு கிராமுக்கும் நடுவில். மோட்டாரை நிறுத்தினால் போதும், படகு தானாக மேலே வந்துவிடும். பத்துத் தடவை பார்த்தோம், பத்துத் தடவையும் வந்தது.

கரிநாள் காலை

தொட்டியில் ஆழம் போதாது. குளத்தங்கரைக் கிணறு பெரிய பாசனக் கிணறு. அந்த வருட மழையில் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது, தண்ணீர் பச்சை. படிக்கல்லில் இறங்கி மருமகன் படகை விட்டான். இரண்டு சுற்று மேலே. டேங்கை நிரப்பினான். பெரிஸ்கோப் நுனியும் உள்ளே போனதைப் பார்த்தேன். தொட்டியில் நுனி வெளியேதான் நின்றது. அந்த வித்தியாசம் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. அவன் மூக்கைத் தாழ்த்தி ஓட்டினான், படகு கண்ணுக்கு மறைந்தது. மோட்டாரை நிறுத்தினான்.

“மாமா, காணல.”

“விடுல, தானா வரும்.”

காத்திருந்தோம். செல்போனில் மணி பார்த்துக்கொண்டே நின்றவன், “அஞ்சு நிமிசம் ஆயிட்டு” என்றான். அப்போதுதான் பிஸ்டனைத் தள்ளும் விசையைத் திருப்பச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு குமிழி வந்தது. அது படகிலிருந்து வந்ததா, சேற்றிலிருந்து வந்ததா என்று இன்றும் எங்களுக்குள் வழக்கு.

எடுத்தது

குதித்துத் தேடுகிறேன் என்றவனை அக்கா விடவில்லை. தெருக் கடைசியில் ஓர் ஆச்சி வீட்டில் பாதாளக் கரண்டி இருந்தது. குடம் வாளி விழுந்தால் எடுக்க, வளையத்தில் கொக்கி கொக்கியாகத் தொங்கும் இரும்பு. வீட்டுக்கு வீடு பைப்பு வந்தபின் அதற்கு வேலையே இல்லை, ஆனாலும் ஆச்சி எண்ணெய் தடவித்தான் வைத்திருந்தார்.

“கரண்டி தாரேன். ஈடா என்னத்த வச்சிட்டுப் போற? போன தடவ கொண்டுபோனவன் ஆறு மாசம் கழிச்சுல்லா தந்தான்.”

பாதாளக் கரண்டிக்கு ஈடு வைப்பது பழைய வழக்கம். மருமகன் கையில் இருந்தது ரிமோட் மட்டும். ஆச்சி அதை வாங்கி அரிசிப் பானை மேல் வைத்தார். விழுந்தது என்ன குடமா என்று கேட்டார். முங்குவதற்கென்றே செய்த படகு என்று சொன்னதும், “பொறவு என்னத்துக்குத் தேடுதிய?” என்றார். அக்கா இதை இன்றுவரை விசேஷ வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

முதல் நாள் சேறும் ஒரு பித்தளைச் செம்பும் வந்தன. மூன்றாம் நாள் காலை மேல்கோபுரக் கைப்பிடிக் கம்பி மட்டும் பிய்ந்து கொக்கியோடு வந்தது, இடம் தெரிந்துவிட்டது. அடுத்த வீச்சில் புரொப்பெல்லர் காப்பில் மாட்டிப் படகே வந்தது. நீர்மட்டத்திலிருந்து கயிற்றை அளந்தோம், 18 அடி.

விசாரணை

பின்னறையில் தண்ணீர் இருந்தது. ஊசியால் உறிஞ்சி அளந்ததில் 25 மில்லி. பார்த்த அத்தனை பேரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், ஒழுகி முங்கிவிட்டது என்று. நானும் அதைத்தான் நம்பினேன். சீல் ஒழுகுவது என் தொழிலில் தினசரிச் சாவு. மிச்ச மிதப்பே நாலு கிராம் என்றால் 25 கிராம் தண்ணீர் தாராளமாக முக்கிவிடும்.

ஆனால் கேள்வி அது இல்லை. அந்த 25 மில்லி முங்குவதற்கு முன் போனதா, பின் போனதா? குழாயை மட்டும் துடைத்துக் காயவைத்து, ஈயம் கட்டி, அதே கிணற்றில் அதே 18 அடிக்குக் கயிற்றில் இறக்கினோம். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் உள்ளே ஒரு துளிதான். திரும்ப இறக்கி இரண்டு நாள் விட்டால் 20 மில்லி. அப்படியானால் மணிக்கு அரை மில்லிகூட இல்லை. ஐந்து நிமிடத்தில் அது யாரையும் முக்காது. ஒழுகியது உண்மை, ஆனால் அடியில் கிடந்த இரண்டு நாளில் ஒழுகியது.

பேட்டரி எடுக்கும்போது சுத்தமாகச் செத்திருந்தது. இரண்டு நாள் ரிசீவர் ஓடினால் சாகத்தான் செய்யும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. காலையில் முழுக்க ஏற்றியது, பத்து நிமிடம்கூட ஓடவில்லை. அதை விட்டுவிட்டோம்.

மூன்றாவது வாரம் கிணற்றுத் தண்ணீரை ஒரு நீல டிரம்மில் நிரப்பி, படகின் ஈயத்தைத் தொடாமல், டேங்கை நிரப்பி விட்டோம். காசு எதுவும் வைக்கவில்லை. படகு பைய இறங்கி டிரம்மின் அடியில் உட்கார்ந்தது. மருமகன் என்னைப் பார்த்தான். நான் டிரம்மையே பார்த்தேன்.

ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் பண்ணும் பையனிடம், தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு மில்லிகிராமில் காட்டும் டி.டி.எஸ். பேனாவை இரவல் வாங்கினேன். சிமென்ட் தொட்டி 3,200. கிணறு 240. லிட்டருக்கு மூன்று கிராம் உப்பு வித்தியாசம். உப்புத் தண்ணீர் கனம், அதில் பொருள் கூடுதலாக மிதக்கும். இந்த அளவு உப்புக்கு அடர்த்தி சதவீதத்தில் 0.22 கூடும். 2,230 கிராமில் 0.22 சதவீதம் என்றால் ஏறத்தாழ 5 கிராம். கிணறு ஒரு டிகிரி குளிர்ச்சி, அதனால் அரைக் கிராம் எங்களுக்குச் சாதகம். கழித்தாலும் நாலரை. இருந்த மிதப்பு நாலுக்கும் குறைவு. ஆக, எங்கள் படகு அந்தக் கிணற்றில் ஒரு கிராமோ இரண்டு கிராமோ கனமாகத்தான் இறங்கியிருக்கிறது. மோட்டாரை நிறுத்தியபோது அது மேலே வரவில்லை, பொறுமையாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் மேலே நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதில் தெர்மோகோல் கூட்டுச் சதி. மேல்தளத்துக்கு அடியில் காற்றும் கொஞ்சம் சிக்கியிருந்தது, படகைச் சாய்த்தபோது குமிழி குமிழியாகக் கக்கியது. மூன்று மீட்டர் ஆழத்தில் அகப்பட்ட காற்று கால்வாசி சுருங்கும், எங்கள் 18 அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தெர்மோகோலும் நசுங்கும். சுருங்கச் சுருங்க மிதப்பு குறையும், குறையக் குறைய வேகமாக இறங்கும். ஒரு கிராமில் தொடங்கியது அடியைத் தொடும்போது ஐந்தாறு கிராம் ஆகியிருக்கும்.

இனி ரேடியோ. ஃபெயில்சேஃபைத் திரும்பப் பூட்டி, கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, படகை இறக்கினோம். எந்த இடத்தில் சிக்னல் அறுகிறதோ அங்கே பிஸ்டன் தள்ளும், படகு ஏறும், கயிறு தளரும். கிணற்றில் ஏழாவது முடிச்சில் தளர்ந்தது, மூன்றரை மீட்டர். தொட்டியில் முதல் முடிச்சே நனையவில்லை.

ஆண்டெனாவில் குற்றமே இல்லை. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், கடத்துகிற எதுவும் ரேடியோ அலையை விழுங்கும். அலைவரிசை உயர உயர விழுங்கல் கூடும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்ல வாய் வராது. அக்கா வீட்டு மொட்டை மாடியில் ராத்திரி படுத்தால் தெரியும் சிவப்பு விளக்குகள் ஐ.என்.எஸ். கட்டபொம்மனின் கம்பங்கள். கடலுக்குள் முங்கிக் கிடக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப 1990-இலிருந்து அங்கே இருக்கும் கடற்படை நிலையம். அதன் உயரமான கம்பம் 471 மீட்டர். அத்தனை உயரம் எதற்கு? உப்புக் கடலுக்குள் சில மீட்டராவது இறங்க வேண்டுமானால் 30 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே போக வேண்டும், அந்த அலையின் நீளமே 10 கிலோமீட்டருக்கு மேல், அதை அனுப்பக் குட்டை ஆண்டெனா உதவாது. முப்பது வருடமாக அந்த விளக்குகளைப் பார்க்கிறேன். அவற்றுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டுதான் மருமகனின் ஆண்டெனாவைத் திட்டினேன்.

ஆக வரிசை இது. தொட்டித் தண்ணீரின் உப்பு சிக்னலைத் தின்றது. சிக்னல் போனதால் ஃபெயில்சேஃப் சரியாக வேலை செய்தது. சரியாக வேலை செய்தது எனக்குத் தொந்தரவாக இருந்ததால் அதை உருவினேன். அதே உப்பு படகை ஐந்து கிராம் தூக்கிப் பிடித்து, ட்ரிம் சரி என்று பொய் சொன்னது. பிறகு உப்பில்லாத தண்ணீருக்குப் போனோம். கிணற்றில் ஃபெயில்சேஃப் இருந்திருந்தால் மூன்றரை மீட்டரில் படகு தானாகத் திரும்பியிருக்கும். ஆண்டெனா விஷயத்தில் மருமகனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு நல்ல சோல்டரிங் அயர்ன் வாங்கிக் கொடுத்தேன், புரிந்துகொண்டிருப்பான்.

மாற்றியது

ஃபெயில்சேஃப் இப்போது சொருகுவதில்லை, ஈயத்தால் பற்றவைத்தாயிற்று. தெர்மோகோலை எடுத்துவிட்டு, கெட்டியான ஃபோம் பலகையை வெட்டி வைத்தோம். அது அவ்வளவு சுலபமாக நசுங்காது. மேல்தளத்தில் காற்றுப் போக எட்டுத் துளை. பின்தண்டின் சீலை மாற்றி கிரீஸ் அடைத்தேன், பேட்டரியில் ஒரு செல் தேறவில்லை. கீலில் 5 கிராம் ஈயத்துண்டு ஒன்று கழற்றி மாட்டும்படி: தொட்டியில் மாட்டு, கிணற்றில் கழற்று. எந்தத் தண்ணீரில் விட்டாலும் முதலில் அந்தத் தண்ணீரிலேயே காசு வைத்துப் பார்ப்பது. இதுபோக, தூண்டில் நரம்பில் ஒரு தக்கை கட்டி வாலில் விட்டிருக்கிறோம். மருமகனுக்கு அது மானக்கேடு. போட்டோ எடுக்கும்போது மட்டும் அவிழ்த்துவிடுவான்.

மாசியில் அதே கிணறு. காசு வைத்தான், இறங்கியது. எடுத்தான், ஏறியது. டேங்கை நிரப்பி, மூக்கைத் தாழ்த்தி, படகு மறைந்ததும் கேட்காமலே ரிமோட்டை அணைத்துப் படிக்கல்லில் வைத்தான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தாறு எண்ணும்போது தக்கைக்கு ஒரு முழம் தள்ளி, கைப்பிடிக் கம்பி இல்லாத மொட்டைக் கோபுரம் வெளியே வந்தது.